விரல்நுனி ஆக்சிமீட்டர்: காட்டுவதும் காட்டாததும்

சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை விரல் வழியே செலுத்தி இரத்த ஆக்சிஜன் அளவைக் கணிக்கும் இந்தச் சிறு கருவி, மூச்சுத்திணறலே தெரியாமல் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும் கோவிட் நோயாளிகளை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதில் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தடுமாறும் என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். கருநிறத் தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுவதுண்டு என்பதே என் கணக்கில் பெருங்குறை. திரையில் முதலில் தோன்றும் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல், துடிப்பு அலை சீராகும்வரை காத்திருப்பது நல்லது.

நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைத்தால், அளவு சரிவதை இது காட்டக்கூடும், காரணத்தைச் சொல்லாது. இரத்தக்கட்டி கரையும்போது உருவாகும் புரதத் துண்டை அளக்கும் டி-டைமர் இரத்தப் பரிசோதனைகூட ஐயத்தைத்தான் எழுப்பும், உறுதிசெய்வதற்கு இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் வேண்டும். ஆகவே எண் நன்றாயிருக்கிறதே என்று, வார்டில் இரத்தம் உறையாதிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியைத் தவிர்க்க இக்கருவியைச் சான்றாகக் காட்ட முடியாது.