"மாதிரிக்கு ஒரு பாடம் அனுப்புங்க மேடம்"

ஆங்கிலப் பாடமும் பயிற்சியும் எழுதிக் கொடுக்கச் சொல்லி உங்களுக்கு போன் வந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். காரைக்குடியில் 14 வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன்.

போன ஆடியில் சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்குப் பயிற்சிப் புத்தகம் போடுகிறார்களாம். "மாதிரிக்கு ஒரு பாடம் அனுப்புங்க மேடம், பாத்துட்டு ரேட் பேசிக்கலாம்." அனுப்பினேன். "அருமை மேடம், இன்னும் ரெண்டு." பாடத்துக்கு 1,500 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு. முன்பணம் 2,000 வந்தது. அதை நம்பி 12 பாடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு பாடம் ஒரு ராத்திரியில் முடிகிற வேலை இல்லை. தமிழில் 'போகிறேன்' என்ற ஒரே சொல் 'ஐ கோ'வுக்கும் ஆகும், 'ஐ ஆம் கோயிங்'குக்கும் ஆகும். பிள்ளைகள் அந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள் என்று தெரிந்தால்தான் பயிற்சி போட முடியும். செயப்பாட்டு வினைக்காக ஆத்தங்குடிக்குப் போய், தரையில் பதிக்கும் கல் செய்யும் பட்டறையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி துடைக்கப்படுகிறது, அச்சுக்குள் சாயம் ஊற்றப்படுகிறது, மேலே மணலும் சிமெண்டும் போடப்படுகிறது, கல் தண்ணீரில் ஊற வைக்கப்படுகிறது. யார் செய்தார் என்பதைவிட என்ன நடக்கிறது என்பதே பெரிதாக இருக்கும் இடம். அதை அப்படியே 'தி கிளாஸ் இஸ் க்ளீன்டு' என்று வரிசையாக எழுதினேன்.

கடைசிப் பாடம் போன மறுவாரம், "எடிட்டருக்குத் திருப்தி இல்லை, வேண்டாம்" என்று ஒரு செய்தி. அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

தை மாதம், தேவகோட்டையிலிருந்து வரும் மாணவி ஒரு புத்தகத்தோடு வந்தாள். "டீச்சர், நீங்க நடத்துனது அப்படியே இதுல இருக்கு." பிரித்தேன். ஆத்தங்குடிக் கல். கேள்வி 6, அடுத்து 8. தட்டச்சில் நான் விட்ட 7 அங்கேயும் இல்லை. 'ஆசிரியர் குழு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். கை நடுங்கிவிட்டது.

வக்கீலிடம் போன பிறகுதான் தெரிந்தது: 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் எழுதியதன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க, நாம் கையெழுத்துப் போட்ட பத்திரம் வேண்டும் (19ஆம் பிரிவு). உரிமையைக் கொடுத்த பிறகும், எழுதியவர் நான்தான் என்று கோரலாம் (57). பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு பாடமும் தேதியோடு மெயிலில் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

தயவுசெய்து மாதிரிக்கு என்று முழுப் பாடத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் போதும், அதிலும் உங்கள் பெயர் இருக்கட்டும். முன்பணம் வந்ததை ஒப்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன்.

நேற்று பள்ளத்தூரில் ரிட்டயர்டு ஆன ஒரு டீச்சருக்கும் இதே பேச்சு போனில் வந்திருக்கிறது. இரண்டாவது பாடத்தில் இருந்தார், நிறுத்தச் சொல்லிவிட்டேன். வேறு யாருக்கும் வந்திருந்தால், அந்தச் செய்திகளை அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள்.