பஸ் ஸ்டாப்புக்கு ஒரு கோட், காருக்கு ஒரு கோட்

அக்கா மகன் மதுரையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கட்டிலில் வரிசையாக விரித்துவைத்த இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா, குளிருக்கு உள்ளே போடுகிற காட்டன் தெர்மல் மூன்று செட். "மாமா, ஸ்வெட்டர் திபெத்காரங்க கடையில எடுத்தேன். தெர்மல் திருப்பூர் ஃப்ரெண்டு குடுத்தான். ஜனவரிக்கு இது தாங்குமா?" ஜனவரி முதல் வாரம் டொராண்டோவில் வந்து இறங்குகிறான், படிக்க.

"ஸ்வெட்டர் ரெண்டையும் எடுத்துக்க மாப்ள. தெர்மலை அங்கேயே விட்டுரு" என்றேன். ஏன் என்றான். பதினேழு நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. சரி, எழுதியே வைத்துவிடுவோம்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எனக்கு இது பன்னிரண்டாவது குளிர்காலம். முதல் ஐந்து பஸ்ஸில் போனது, மிச்சம் காரில். இரண்டு பக்கமும் இருந்து பார்த்துவிட்டேன். எந்த ஜாக்கெட் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அவரவர் பிழைப்புக்கு அது சரியாகவும் இருக்கும். (ஜாக்கெட் என்றதும் ரவிக்கைதான் நினைவுக்கு வருகிறதென்றால் நீங்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறீர்கள்.) முதலில் கேட்க வேண்டியது, வெளியே எத்தனை நிமிஷம் அசையாமல் நிற்கப் போகிறாய் என்பதைத்தான். நடக்கிறவனுக்கு உடம்பே அடுப்பு. பஸ்ஸுக்காக நின்றான் என்றால் ஐந்து நிமிஷத்தில் அடுப்பு தணிந்துவிடும். "ஒரே ஸ்வெட்டர்ல பத்து வருஷம் ஓட்டிட்டேன் தம்பி" என்று சொல்லும் அண்ணாச்சியின் கையில் கார் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

இன்னொன்று காற்று. மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 20 மாதிரி. இங்கே 'விண்ட் சில்' என்று தனியாகவே அறிவிப்பார்கள். அந்த எண் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைய ஆரம்பிக்கலாம் என்பது கனடா அரசு வானிலைத் துறையின் எச்சரிக்கை. தைப்பனி தரையைத் துளைக்கும் என்று ஊரில் சொல்லிக்கொண்டே ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவோமே, அந்தக் கணக்கு இங்கே எடுபடாது.

பெரிய கோட்டா, அடுக்கடுக்காகவா?

இணையத்தில் எல்லோரும் 'லேயர்' என்றுதான் ஓதுவார்கள். உள்ளே ஒட்டிய மாதிரி ஒன்று, நடுவில் ஸ்வெட்டரோ ஃப்ளீஸ் என்கிற புசுபுசு செயற்கைத் துணியோ, வெளியே காற்றைத் தடுக்க ஒன்று. துணி தானாகச் சூடு தராது; நம் உடம்புச் சூட்டைத் துணிக்குள் சிக்கிய காற்றுதான் பிடித்து வைக்கிறது. அடுக்கு கூடினால் இடையில் நிற்கும் காற்றும் கூடும். தத்துவம் சரிதான்.

ஆனால் காலை எட்டு மணிக்கு நிரம்பி வழியும் பஸ்ஸில், முதுகில் பையோடு மூன்று அடுக்கை உரித்துப் பார்த்திருக்கிறாயா? பஸ்ஸுக்குள் ஹீட்டர் ஓடும். வெளியே மைனஸ் 12, உள்ளே நம் ஊர் ஏசி பஸ்ஸைவிடச் சூடு. பத்து நிமிஷத்தில் வேர்த்துவிடும். அந்த ஈரத்தோடு இறங்கினால்தான் உண்மையான குளிர் என்னவென்று தெரியும். மலை ஏறுகிறவர்களுக்குச் சொன்ன அடுக்கு முறையை அப்படியே பஸ்காரனுக்குச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பஸ்ஸில் போகிறவனுக்கு மெல்லிய உள்ளாடை, அதற்குமேல் சட்டையோ மெல்லிய ஸ்வெட்டரோ, எல்லாவற்றுக்கும் மேல் முழங்காலை எட்டுகிற கனமான கோட். ஏறியதும் ஜிப்பை இழுத்துத் திற, இறங்கும்முன் மூடு. அடுக்குகளைக் கூட்டிக் குறைக்கிற வேலையை ஒரு ஜிப்பே செய்துவிடும்.

கார் இருப்பவருக்கு நேர்மாறு. நீளக் கோட்டோடு ஸ்டீயரிங் முன் உட்கார்வது இம்சை. ஃப்ளீஸும் காற்றுப் புகாத குட்டை ஜாக்கெட்டும் போதும். ஆனால் டிக்கியில் ஒரு கனத்த கோட்டும் பூட்ஸும் கிடக்கட்டும். வண்டி நடுவழியில் நின்றால் அவரும் பஸ் ஸ்டாப் ஆள்தான்.

உள்ளே போடுவது: காட்டனா, ஹீட்டெக்கா, மெரினோவா?

கடைக்காரர்கள் கோட்டைத்தான் காட்டுவார்கள். சண்டை உண்மையில் பனியனில் இருக்கிறது.

என் முதல் ஜனவரியில் ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பிடிக்கவில்லை. அடுத்தது வர இருபது நிமிஷம். உள்ளே போட்டிருந்தது திருப்பூர் பனியன். முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு நிமிஷம் சுகம். பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவில் யாரோ ஈரத்துணியைப் போட்டு மெதுவாக அழுத்துவதுபோல இருந்தது. மேலே இருந்த கோட் என்னவோ நல்ல கோட்தான்.

சாதாரண ஈரப்பதத்திலேயே காட்டன் தன் எடையில் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. கம்பளி இரண்டையும் மிஞ்சும், 16 சதவீதம் வரை. அப்படியானால் கம்பளிதானே மோசம் என்று தோன்றும். இல்லை. கம்பளி ஈரத்தை இழைக்குள்ளே இழுத்துக்கொள்கிறது. அதன் சுருள் நனைந்தாலும் படுத்துவிடாது, இடையில் காற்று நிற்கும். காட்டன் இழை நனைந்தால் தோலோடு சப்பென்று ஒட்டிக்கொண்டு காற்றுக்கு இடமே விடாது. காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். மதுரை வெயிலில் காட்டன் நமக்குச் செய்கிற உபகாரம்தான் இங்கே உபத்திரவமாகிறது.

ஜப்பான் துணிக் கம்பெனி யூனிக்ளோவின் ஹீட்டெக் 2003-இல் வந்தது. ரேயான், அக்ரிலிக், பாலியஸ்டர் எல்லாம் கலந்த மெல்லிய துணி. தோலிலிருந்து எழும் ஆவியை வாங்கும்போது லேசாகச் சூடு தரும். அந்தச் சூடு உண்மை, ஆனால் கொஞ்ச நேரம்தான். சட்டைக்குள் இருப்பதே தெரியாது, விலையும் மாணவன் கைக்கு அடக்கம். அலுவலகம், வகுப்பு என்று பெரும்பாலும் உள்ளேயே இருப்பவருக்கு அதுவே போதும். பனி வாரும் வேலைக்கோ வேர்க்க வேர்க்க நடப்பதற்கோ ஆகாது. ரேயானும் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

மெரினோ கம்பளி ஒன்றின் விலையில் ஹீட்டெக் மூன்று வாங்கலாம். ஆனால் மெரினோ மூன்று நாள் போட்டாலும் நாறாது. துவைக்கும் காசை எண்ணி எண்ணிப் போடும் பேஸ்மென்ட் வாழ்க்கையில் இது சின்ன விஷயமில்லை. கம்பளி என்றால் அரிக்குமே என்று பயப்பட வேண்டாம். மெரினோ இழை மெல்லிசு, குத்தாது. ஒரே குறை, அவசரத்தில் யாராவது அதைச் சூடான டிரையரில் போட்டுவிட்டால் வீட்டுக் குழந்தைக்குச் சரியாக இருக்கும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது.

என் தீர்ப்பு: ஒரு மெரினோ, இரண்டு ஹீட்டெக் ரகம். காட்டன் பகலில் வேண்டாம்.

வாத்துத் தூவியா, செயற்கைப் பஞ்சா?

நம் பழம்பாட்டில் அரசிக்கு அன்னத் தூவி மெத்தை விரிப்பார்கள். அதே தூவியைத்தான் இங்கே சட்டையாகத் தைத்து 'டவுன் ஜாக்கெட்' என்று விற்கிறார்கள். வாத்தின் இறகுக்கு அடியில் இருக்கும் பூ மாதிரியான தூவி. புது இலவம்பஞ்சுத் தலையணையை அமுக்கிவிட்டால் எப்படி எழும்பும்? அந்த எழும்பல்தான் இதில் சரக்கு. 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பதை 'ஃபில் பவர்' என்று லேபிளில் போட்டிருப்பார்கள்: 600, 700, 800. எண் கூடினால் அதே சூட்டுக்கு எடை குறையும், அவ்வளவுதான். 800 என்று போட்டு உள்ளே பிடி தூவிகூட வைக்காத மெல்லிய ஜாக்கெட்டுகளும் உண்டு. 600 நிறைய அடைத்தது அதைவிடச் சூடு.

தூவிக்கு எமன் தண்ணீர். நனைந்தால் உருண்டு கட்டியாகி மூலையில் போய் உட்கார்ந்துவிடும். இலவம்பஞ்சுத் தலையணையை மழையில் விட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. செயற்கைப் பஞ்சில் புகழ்பெற்ற பிரைமாலாஃப்ட், 1980-களில் இந்தக் குறைக்காகவே உருவானது. தூவிக்கு மாற்றாக, நனைந்தாலும் சூடு போகாத ஒன்றை அமெரிக்க ராணுவம் கேட்டது. செயற்கைப் பஞ்சுக்கு எடையும் பருமனும் கூடும், சில வருஷத்தில் அமுங்கிப் போகும், ஆனால் வாஷிங் மெஷினில் போட்டு எடுத்துக் காயவைத்தால் வேலை முடிந்தது. தூவிக்குத் தனி சோப்பு வேண்டும், டிரையரில் டென்னிஸ் பந்துகளைக் கூடப் போட்டு மணிக்கணக்கில் உருட்ட வேண்டும்.

எதை எடுப்பது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். கனடாவின் நடுவில் இருக்கும் வின்னிபெக்கில் ஜனவரி சராசரியே மைனஸ் 16 வாக்கில். அங்கே பனி மாவுபோல உலர்ந்து கிடக்கும், தட்டினால் உதிரும். அங்கே போகிறவன் கண்ணை மூடிக்கொண்டு தூவி வாங்கலாம். டொராண்டோ அப்படியில்லை. பாதி நாள் பூஜ்யத்தை ஒட்டியே ஊசலாடும். காலையில் பனி, மதியம் மழை, மாலையில் உப்பும் சேறும் கலந்த கஞ்சி. இந்த ஊரின் குளிர் ஈரக் குளிர். அதனால், எல்லோரும் முகம் சுளித்தாலும், கையில் காசு குறைந்த மாணவனுக்கு நான் சொல்வது செயற்கைப் பஞ்சு வைத்த, தண்ணீர் புகாத வெளித்துணி போட்ட நீளக் கோட். காசு இருந்தால் நல்ல வெளித்துணி உள்ள தூவிக் கோட். வெளித்துணி சரியில்லாத தூவிக் கோட்டை இலவசமாகக் கொடுத்தாலும் யோசி.

கனடா கூஸ் பற்றிக் கேட்பான், தெரியும். 1957-இல் இதே டொராண்டோவில் தொடங்கிய கம்பெனி, அண்டார்டிகா ஆராய்ச்சியாளர்களுக்கே கோட் தைத்தது. சூட்டில் குறை சொல்ல முடியாது. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து அண்டார்டிகா கோட்டைப் போட்டுக்கொண்டு காலேஜ் கேன்டீனில் உட்காருவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

கை, கால்

விரல் விரலாகப் பிரிந்த கிளவுஸைவிட, நாலு விரலும் ஒரே அறையில் இருக்கும் மிட்டன் சூடு. விரல்கள் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்ளும். மிட்டனோடு போனைத் தொட முடியாது, பஸ் கார்டைத் தேட முடியாது. மெல்லிய கிளவுஸ் உள்ளே, மிட்டன் மேலே. இதில் வாதமே இல்லை.

கால்தான் பெரிய கதை. நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஐயா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோட்டு பரவாயில்லை தம்பி. முதல் சப்பாத்தை மாத்தும்." நான் ஸ்போர்ட்ஸ் ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் மாட்டியிருந்தேன். இரண்டு சாக்ஸ் போட்டு ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும் என்பது அவர் சொல்லித்தான் தெரியும். ஒரு கம்பளி சாக்ஸ், விரலை உள்ளே ஆட்டிப் பார்க்க இடம் இருக்கும் பூட்ஸ். உள் உறையைக் கழற்றி எடுக்க முடிகிற பூட்ஸ் என்றால் ராத்திரி காயவைக்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் மைனஸ் 30, மைனஸ் 40 எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு அளவுகோல். அதை நம்பி நிற்காதே.

லேஸ் கட்டும் பூட்ஸா, சும்மா நுழைக்கும் பூட்ஸா என்றால், கோவிலுக்குப் போகிறவர்கள் நுழைக்கும் ரகம்தான் எடுக்க வேண்டும். தைப்பொங்கலன்று பக்கத்து ஊர் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலில் செருப்பு வைக்கும் இடத்தில் நின்று பார். எல்லோர் பூட்ஸிலிருந்தும் உருகிய பனி தரையெல்லாம் தண்ணீராகத் தேங்கியிருக்கும். ஒற்றைக் காலில் நின்று லேஸ் அவிழ்க்கும்போது மற்றக் கால் சாக்ஸோடு அந்தத் தண்ணீரில்தான் இறங்கும். அப்புறம் சாமி கும்பிடும் வரை அந்த ஒரு கால்தான் நினைவில் இருக்கும். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் உபரியாக வைத்துக்கொள்வது என் பழக்கம்.

பெண்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. எங்கள் மாகாணமான ஒன்டாரியோ 2014-இல் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக அறிவித்தது. பொங்கலுக்காகத்தான், நல்ல காரணம். ஆனால் வருஷத்திலேயே குளிரான மாதத்தில் வாரத்துக்கொரு விழா, எல்லாவற்றுக்கும் பட்டுப்புடவை. என் மனைவி இரண்டும் போட்டுப் பார்த்துவிட்டாள்: இடுப்பு வரை கோட், முழங்காலுக்குக் கீழே வரை கோட். புடவை அடுக்கடுக்கான துணி என்பதால் உள்ளே கம்பளி லெகிங்ஸ் போட்டால் ஜீன்ஸைவிடச் சூடு என்கிறாள். சிக்கல் கீழிருந்து ஏறும் காற்றும், உப்புத் தண்ணீரில் படும் கரையும்தான். நீளக் கோட், கரையை நாலு விரல் தூக்கி முந்தானை ஊக்கால் குத்துவது, செருப்பைப் பையில் எடுத்துப்போய் மண்டபத்தில் மாற்றுவது. குட்டைக் கோட் புகைப்படத்துக்கு மட்டும்.

ஊரில் வாங்குவதா, இங்கேயா?

ஸ்வெட்டர் ஊரில். பெரும்பாலும் அது அக்ரிலிக் என்கிற செயற்கை நூல்தான், கம்பளி என்று சொன்னாலும் லேபிளைப் பார். அக்ரிலிக் என்றாலும் கோட்டுக்கு உள்ளே குறையில்லை. கோட் இல்லாமல் போட்டால் காற்று சல்லடையில் புகுவதுபோலப் புகும். மங்கி குல்லாவையும் எடுத்து வா, யாரும் சிரிக்க மாட்டார்கள், இங்கே அதையே வேறு பெயரில் இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கோட்டும் பூட்ஸும் இங்கேதான். கோட் பழைய துணிக்கடையில்கூட எடுக்கலாம். ஜிப் ஓடுகிறதா, தையலில் பஞ்சு பிதுங்குகிறதா என்று பார்த்தால் போதும். பூட்ஸ் மட்டும் புதிது. இன்னொருவர் காலுக்குப் படிந்த பூட்ஸ் உன் காலுக்குப் படியாது.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். இந்த முறை பதில் வந்தது.

"மாமா, அம்மா தெர்மலைப் பெட்டியில அடியில வச்சுட்டாங்க. எடுக்க விடமாட்றாங்க."

"இருக்கட்டும்டா. ராத்திரி தூங்கும்போது போட்டுக்க."