'அசல் வீடியோ' என்று விற்கப்படும் வேற்றுக்கிரகவாசிப் படம்: பணம் கட்டுமுன் கவனிக்கவும்

கட்டணம் செலுத்திப் படம் பார்க்கும் இணையதளம் ஒன்றில், 1983இல் வேற்றுக்கிரகவாசிகளிடம் சிக்கிக் காணாமற்போன அமெரிக்கக் குடும்பம் தானே எடுத்த அசல் வீடியோ என்ற விளம்பரத்தைப் பார்த்து 499 ரூபாய் கட்டினேன். எனக்குக் கிடைத்தது ஆவணப்படம் அல்ல, நடிகர்களை வைத்து எடுத்த கதைப்படம்.

ஒரு சிறுமியின் ஐந்தாவது பிறந்தநாள். கேக், மெழுகுவத்தி, ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடும் சாப்பாட்டு மேசை, எல்லாவற்றையும் வீடியோ கேமராவில் பிடித்துக்கொண்டிருக்கும் அவள் அப்பாவின் தம்பி. மின்சாரம் போய்விடுகிறது, வெளியே போன சகோதரர்கள் விண்கலம் ஒன்றைக் கண்டு வீட்டுக்குள் ஓடிவருகிறார்கள். படம் திடீரென்று இருளில் முடிந்தது. தொடக்கத்தில் தலைப்பும் இல்லை, முடிவில் பெயர்ப் பட்டியலும் இல்லை. சந்தேகப்பட்டுத் தேடியபோதுதான், இது டீன் அலியோட்டோ என்ற இயக்குநர் 6,500 டாலர் செலவில் எடுத்து 1989இல் வெளிவந்த 'யுஎஃப்ஓ அப்டக்‌ஷன்' என்று தெரிந்தது. விநியோகஸ்தரின் கிடங்கு தீப்பிடித்துச் சரக்கு எரிந்துபோக, தப்பிய கேசட்டுகளிலிருந்து படி எடுத்தவர்கள் பெயர்களை வெட்டிவிட்டுக் கைமாற்றியதில், பறக்கும் தட்டு ஆர்வலர்கள் சிலர் அதை மெய்யென்றே நம்பினார்கள். அலியோட்டோ இதே கதையை 1998இல் அமெரிக்காவின் யூபிஎன் தொலைக்காட்சிக்காக மறுபடியும் எடுத்தார் என்பதும் ஒளிவுமறைவற்ற செய்தி. அவ்வளவு சொற்பப் பணத்தில் அந்த மேசைப் பேச்சை அத்தனை இயல்பாக எடுத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். அவர் பெயரை மறைத்து விற்பவர்கள் மீதுதான் என் புகார்.

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். விவரக் குறிப்பு படத்தின் உரிமையாளர் தந்தது என்றும், ஒருமுறை பார்த்த படத்துக்குப் பணம் திரும்பாது என்றும் பதில் வந்தது. அப்படியானால் அந்த உரிமையாளர் யார் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

இந்த வியாபாரம் புதிதல்ல. அமெரிக்காவின் ரோஸ்வெல் நகரருகே விழுந்த வேற்றுக்கிரகவாசியின் பிணப் பரிசோதனை என்று ரே சான்டில்லி 1995இல் உலகெங்கும் விற்ற படச்சுருளில் மேசைமேல் கிடந்தது, ஜான் ஹம்ஃப்ரீஸ் என்னும் சிற்பி செய்து, ஆட்டு மூளையும் கோழிக் குடலும் அடைத்த பொம்மை. 2006இல் உண்மை வெளிவந்தபோதும், தான் முன்பு கண்ட அசல் சுருள் கெட்டுப்போனதால் அதை 'மீட்டுருவாக்கம்' செய்ததாகத்தான் சான்டில்லி சொன்னார். பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல: அமெரிக்க மாநிலமான அலாஸ்காவின் நோம் நகரில் வேற்றுக்கிரகவாசிகள் ஆட்களைக் கடத்துவதாக 2009இல் வந்த 'த ஃபோர்த் கைண்ட்' படத்துக்காக, அம்மாநிலப் பத்திரிகைகளின் பெயரில் போலிச் செய்திகளை இணையத்தில் ஏற்றிய யுனிவர்சல் நிறுவனம், பத்திரிகையாளர் அமைப்பான அலாஸ்கா பிரஸ் கிளப்புக்கு 20,000 டாலர் கொடுத்துப் புகாரை முடித்துக்கொண்டது.

ஆகவே, 'அசல் பதிவு' என்ற சொல்லோடு இயக்குநர் பெயரும் வெளியான ஆண்டும் இல்லாத படத்துக்குப் பணம் கட்டுமுன், கதைச் சுருக்கத்தின் ஓரிரு வரிகளைத் தேடுபொறியில் இட்டுப் பாருங்கள். விளம்பரப் பக்கத்தை அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதும் அவசியம். ஏனென்றால் என் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் 'அசல் வீடியோ' என்பது 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று மாறிவிட்டது. அதுவும் பொய்தான். பழைய பக்கத்தின் படத்தை இணைத்து, 1915 என்ற எண்ணில் இயங்கும் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன்.