திடீர்ப் பயணத்துக்கு எந்த ஊர்: கோர்தோபாவா, கிரனாடாவா?

ஸ்பெயினின் தலைநகர் மத்ரிதில் அலுவல் முடிந்து ஒரு வார இறுதி கையில் மிஞ்சினால், செவியாவை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, நாட்டின் தென்பகுதியான அந்தலூசியாவில் மனம் இரண்டு ஊர்களுக்கு இடையேதான் ஊசலாடும். சென்ற இலையுதிர் காலத்தில் அந்த நிலை எனக்கு வந்தபோது நான் கோர்தோபாவைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த முறையும் அதையே தேர்ந்தெடுப்பேன். கிரனாடாவை அதற்கு முன்பே, முறையாகத் திட்டமிட்டுப் பார்த்திருந்தேன்.

இரண்டுமே முஸ்லிம் ஆட்சியில் தலைநகரங்களாக இருந்தவை. இரண்டின் பழைய பகுதிகளும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. இரண்டையும் கால்நடையாகவே சுற்றிவிடலாம். இவற்றை வைத்து முடிவெடுக்க இயலாது. முன்பதிவு இல்லாமல் போகிறவருக்கு அந்த ஊரின் தலையாய இடம் திறந்திருக்குமா என்ற கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

கிரனாடாவின் தலையாய இடம் அல்ஹம்ப்ரா என்ற கோட்டை அரண்மனை வளாகம். அதன் உயிர்நாடி, சிங்க முற்றம் அமைந்திருக்கும், நஸ்ரித் என்ற முஸ்லிம் அரச மரபினரின் அரண்மனைகள். அவற்றுக்குள் ஒவ்வொரு வேளைக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரையே அனுமதிக்கிறார்கள். நுழைவுச்சீட்டில் நம் பெயரும் உள்ளே செல்ல வேண்டிய நேரமும் அச்சிடப்பட்டிருக்கும்; கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும்; நேரம் தவறினால் அந்த அரண்மனைகளைப் பார்க்க முடியாது. கூட்டம் மிகுந்த மாதங்களில் இந்தச் சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. யாராவது ரத்து செய்தால் ஒன்றிரண்டு மீண்டும் விற்பனைக்கு வரக்கூடும் என்றாலும், அதை நம்பி மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போவது சரியாகப் படவில்லை. சீட்டு இல்லாதவருக்கு அதே வளாகத்தில் உள்ள, பேரரசர் ஐந்தாம் கார்லோஸின் அரண்மனை இலவசமாகத் திறந்திருக்கும். தோட்டங்களுக்கும் கோட்டைக்கும் தனிச் சீட்டு உண்டு. ஆனால் நஸ்ரித் அரண்மனைகளைக் காணாமல் திரும்பினால் அல்ஹம்ப்ராவைப் பார்த்த நிறைவு கிட்டாது.

கோர்தோபாவில் நிலைமை வேறு. 785-இல் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கிய பெரிய பள்ளிவாசல், 1236-இல் நகரம் காஸ்தீல் நாட்டுக் கிறிஸ்தவர் வசமானபின் பேராலயமாக மாறி, இன்றும் மெஸ்கித்தா (பள்ளிவாசல்) என்றே அழைக்கப்படுகிறது. ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கேயே சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். திங்கள் முதல் சனி வரை காலை 8:30 முதல் 9:30 வரை தனியாக வருவோருக்கு இலவச அனுமதி வழக்கத்தில் இருக்கிறது. வழிகாட்டிகளோடு வரும் கூட்டங்கள் சேர்வதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தை எக்காரணம் கொண்டும் தவறவிட வேண்டாம். ஞாயிறு காலையில் வழிபாட்டுக்காகச் சில மணி நேரம் பார்வையாளரை விடுவதில்லை என்பதால், சனிக்கிழமையே போவது நல்லது.

அவசரமில்லாமல் நடந்தால்தான் அந்தக் கட்டடம் பிடிபடும். 800-க்கும் மேற்பட்ட தூண்களில் பல, ரோமானியரும், முஸ்லிம்களுக்கு முன் அங்கே ஆண்ட விசிகோத்தியரும் எழுப்பிய கட்டடங்களிலிருந்து எடுத்து வரப்பட்டவை. அதனால் பழைய பகுதியில் நிறமும் தலைப்பின் செதுக்கலும் தூணுக்குத் தூண் மாறுகின்றன. அவை குட்டையானவை என்பதால், கூரையை உயர்த்த ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை வளைவுகளை எழுப்பினார்கள். பழைய பகுதியில் வளைவுகளின் சிவப்புப் பட்டை உண்மையான செங்கல். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், ஆட்சியைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்மன்சூர் விரிவாக்கிய பகுதியில் அது கல்லின்மேல் பூசிய சிவப்பு வண்ணம். இந்த வேறுபாட்டை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததிலேயே எனக்கு நேரம் போனது தெரியவில்லை.

ரயிலும் கோர்தோபாவுக்கே சாதகம். 1992-இல் திறந்த மத்ரித்-செவியா அதிவேகப் பாதையில் அது அமைந்திருப்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மாலகா செல்லும் வண்டிகளும் நிற்கின்றன. அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபே தவிர இரியோ, உய்கோ நிறுவனங்களும் ஓட்டுவதால் கடைசி நேரத்திலும் தேர்வுக்கு இடமிருக்கிறது. கிரனாடாவுக்கு அதிவேக ரயில் 2019-இல்தான் வந்தது, வண்டிகளும் குறைவு.

சைவ உணவுக்காரர் கோர்தோபாவில் சால்மொரேஹோ என்ற கெட்டியான குளிர்ந்த தக்காளிக் கூழைக் கேட்கும்போது, மேலே தூவும் பன்றி இறைச்சி வேண்டாம் என்பதற்கு 'சின் ஹமோன்' என்று சொல்ல வேண்டும். தேன்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவலும் அங்கே எளிதில் கிடைக்கும்.

கிரனாடா விஞ்சும் இடங்களும் உண்டு. அல்பைசின் மேட்டிலிருந்து, சியெர்ரா நெவாதாவின் பனி பின்னணியில் தெரிய அல்ஹம்ப்ராவைப் பார்ப்பதற்கு ஈடான காட்சி கோர்தோபாவில் இல்லை. பானம் வாங்கினால் சிற்றுண்டி இலவசமாக வரும் வழக்கமும் அங்கே உயிரோடிருக்கிறது. கையில் சீட்டு இருந்தால், அல்லது மூன்று நாள் தங்க முடிந்தால், தயங்காமல் கிரனாடாவுக்கே போகலாம்.

கோடையில் இரண்டு ஊரிலும் நான் இருந்ததில்லை. ஆனால் கோர்தோபாவில் ஜூலை, ஆகஸ்டு வெயில் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் என் பரிந்துரையை அப்படியே ஏற்க வேண்டாம். மே மாத முதல் பாதியில் வீட்டு முற்றங்களைப் பூக்களால் அலங்கரித்துத் திறந்துவிடும் திருவிழா நடக்கிறது. அந்த நாள்களில் செல்வதானால் தங்குமிடத்தை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.