பழங்காசு பார்க்க ஒரு லென்ஸ், ஒரு தராசு

கும்பகோணத்தில் நகைப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றில் மடக்கு லென்ஸும், 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ராஜராஜன் காசையும் அதே அமைப்பில் வந்த இலங்கைக் காசுகளையும் பிரித்துப் பார்க்கத்தான் வாங்கினேன். அந்த வேலைக்கு எப்படி உதவின என்று எழுதுகிறேன்.

முதலில் லென்ஸ். மூன்று கண்ணாடி ஒட்டிய பத்து மடங்கு லென்ஸ் இது. ஆன்லைனில் இதைவிடக் குறைந்த விலைக்கு ‘30 மடங்கு’, ‘60 மடங்கு’ என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதைச் சோதிக்க ஸ்கேல் போதும். பத்து மடங்கு லென்ஸில் காசு சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்போது தெளிவாகும். நிஜமாகவே முப்பது மடங்கு என்றால் ஒரு சென்டிமீட்டருக்கும் கிட்டே கொண்டுபோக வேண்டும். ‘30’ என்று போட்ட லென்ஸில் ஒரு அங்குலத் தூரத்திலேயே தெளிவாகத் தெரிந்தால் எண்ணை நம்ப வேண்டாம். அதிக மடங்கு நமக்குத் தேவையும் இல்லை. ஒரு எழுத்தின் கால் மட்டும் பெரிதாகத் தெரிந்து என்ன பயன், காசில் உள்ள மூன்று வரி எழுத்தும் ஒரே பார்வையில் வர வேண்டும்.

ஏனென்றால் அடையாளம் முழுக்க அந்த மூன்று வரியில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் இடக்கைப் பக்கத்தில் நாகரி எழுத்து. மேலே ‘ஸ்ரீ’, கீழே ‘ராஜ’, அதற்கும் கீழே மறுபடி ‘ராஜ’. இலங்கையின் பொலன்னறுவை அரசர்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இதே அமைப்பை எடுத்துக்கொண்டு தங்கள் பெயரைப் போட்டார்கள்: பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், மூன்று முறை அரியணை ஏறிய லீலாவதி. விற்பவர்கள் எல்லாவற்றையும் ‘ராஜராஜன் காசு’ என்றே கொடுப்பார்கள். நாகரி படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த காசிலும் இந்த ஜோடி எழுத்தைப் பிடித்துவிடலாம். எனக்கு இந்த லென்ஸில் அது துல்லியமாகத் தெரிந்தது. ஓரத்தில்கூட எழுத்து வளையவில்லை, நிறம் பிரியவில்லை.

லென்ஸோடு வந்த குட்டி விளக்கை நான் போடுவதே இல்லை. நேராக விழும் வெளிச்சத்தில் மேடு பள்ளம் எல்லாம் ஒன்றாகிவிடும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி காசை மெல்லச் சாய்த்தால் மழுங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு காசை அதனிடம் கொண்டுவர வேண்டும். பலர் காசின்மேல் லென்ஸை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறார்கள்.

போலிக்கு விளிம்பைப் பாருங்கள். அச்சு எடுத்து வார்த்த போலியில் சுற்றிலும் மெல்லிய ஒட்டுக்கோடோ அதை அரம் போட்டு ராவிய தடமோ இருக்கும். மேல்பரப்பில் உருண்டையான குட்டிக் குழிகள் தெரியும், அவை காற்றுக் குமிழி. மண்ணில் கிடந்து அரித்த குழி கரடுமுரடாக, ஒழுங்கில்லாமல் இருக்கும்.

தராசு நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் ஃபேனை நிறுத்த வேண்டும். காற்று பட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். சரிபார்க்கத் தனி எடைக்கல் வாங்க வேண்டாம். 2011இல் வந்த வரிசையின் ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம். தேயாத ஒன்றை வைத்துப் பாருங்கள், அதையொட்டிக் காட்டினால் போதும்.

செப்புக் காசுக்கு எடை மட்டும் தீர்ப்புச் சொல்லாது. தேய்மானமும் களிம்பும் கணக்கைக் கெடுத்துவிடும். வெள்ளிக்குத்தான் தராசு அருமையான துணை. கோவை வட்டாரப் புதையல்களில் நிறையக் கிடைத்த அகஸ்டஸ், திபேரியஸ் என்ற பேரரசர்கள் காலத்து ரோமானிய வெள்ளிக் காசான தினாரியஸ் சுமார் 3.8 கிராம் இருக்கும். அதே அளவில் 3 கிராம்கூடத் தேறாத ஒன்றை யாராவது நீட்டினால், விலை பேசுவதற்கு முன் விளிம்பை லென்ஸில் பார்த்துவிடுங்கள்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது காசு இருக்கிறது என்றால் லென்ஸை வாங்குங்கள். தராசுக்கு நகைக்கடைக்காரரிடம் கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்.