குரோமில் எதை அழிப்பது: ஒரு தளத்தை மட்டுமா, எல்லாவற்றையுமா?

ஒரே ஒரு தளம் லாகின் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தால், குரோம் உலாவி சேமித்து வைத்த தகவல் மொத்தத்தையும் அழிப்பது வீண் வேலை. முகவரிப் பட்டையின் இடது ஓரத்துச் சின்னத்தைத் தட்டி, குக்கீ (உங்களை அடையாளம் காணத் தளம் உலாவியில் வைக்கும் சிறு தகவல்) பகுதிக்குள் போய், அந்தத் தளத்துக்கு எதிரே உள்ள குப்பைத்தொட்டியை அழுத்திவிட்டுப் பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். மற்ற தளங்களில் லாகின் அப்படியே இருக்கும். ஆனால் கேஷில், அதாவது பக்கம் சீக்கிரம் திறக்க உலாவி நகலெடுத்து வைக்கும் இடத்தில், கிடக்கும் பழைய படங்கள், ஸ்டைல் கோப்புகளை இது தொடாது. பக்கம் கோணல்மாணலாகத் தெரிந்தால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அழுத்த வேண்டும்.

மொத்தமாக அழிக்க கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டெலீட். பலர் கோட்டை விடுவது கால அளவில்தான்: அது கடைசி ஒரு மணிநேரம் என்று இருந்தால் போன வாரம் வந்த குக்கீ அப்படியே நிற்கும். எல்லா நேரமும் என்று மாற்றுங்கள். குக்கீக்கு டிக் இருந்தால் அநேகமாக எல்லாத் தளங்களிலும் மறுபடி பாஸ்வேர்டு, ஓடிபி என்று அலைய வேண்டியதுதான். சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் குக்கீயோடு போகாது. கணினியைக் கைமாற்றுகிறவர்கள் அவற்றைத் தனியாக நீக்க வேண்டும்.

டிஸ்க்கில் இடம் காலியானால் போதுமென்றால் கேஷுக்கு மட்டும் டிக் போடுங்கள். லாகின் கலையாது, தளங்கள் முதல் தடவை சற்று மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான்.