ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர்: ஒட்டும்போது சுகம், உரிக்கும்போது தண்டனை

ஜன்னலுக்கு ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று மும்பை மாட்டுங்காவில் இருக்கும் தோழி கேட்டாள். பால் நிறத்தில், பின்பக்கம் பசையோடு சுருளாகக் கிடைக்குமே, அதுதான். செம்பூரில் முன்பு இருந்த வாடகை வீட்டில் இரண்டு ஜன்னலுக்கு ஒட்டி, வருஷக்கணக்கில் வைத்திருந்து, காலி செய்யும்போது என் கையாலேயே உரித்தேன். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். மும்பையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் பில்டிங்காரர் வீட்டுச் சமையலறை. திரை போட்டால் பட்டப்பகலில் லைட் எரிய வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய அன்றே இரண்டு தொல்லையும் போனது. அது வெளிச்சத்தைத் தடுக்காமல் சிதறடித்து உள்ளே விடுகிறது. சுள்ளென்று தரையில் ஒரு கட்டமாக விழுந்துகொண்டிருந்த வெயில் அறை முழுக்க இதமாகப் பரவியது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கும் மிரர் ஃபிலிம் என்று இன்னொரு வகை உண்டு. அது வெளியே வெளிச்சம் அதிகமாக இருக்கும்வரைதான் மறைக்கும், ராத்திரி உள்ளே லைட் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும். இதில் ராத்திரியும் முகம் தெரியாது. கண்ணாடியை ஒட்டி நின்றால் மட்டும் நிழல் மாதிரி தெரியும். மழைக்காலத்தில் திரைத்துணி மாதிரி ஈரம் பிடித்து நாறவும் இல்லை.

சரி, இனி உரித்த கதை. எடுக்கும்போது காகிதம் மாதிரி வந்துவிடும் என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். வெயில் படாத சமையலறை ஜன்னலில் அப்படித்தான் வந்தது. மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தேன், முழுத்தாளாக வந்தது. அதே சுருளில் வெட்டி ஒட்டிய படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. அங்கே நகத்துணுக்கு அளவுக்குத்தான் பிய்ந்தது. இந்த ஸ்டிக்கர்களில் பெரும்பாலானவை பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை வளையும்படி வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, தாள் மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. பசையோ கண்ணாடியோடு இறுகிக்கொள்கிறது.

கடைசியில் கைகொடுத்தது ஹேர் டிரையர்தான். உள்ளங்கை அகலத்துக்குச் சூடு காட்டி, பசை இளகியதும் தாளைக் கண்ணாடியோடு படிய மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். நம்மை நோக்கி நேராக இழுத்தால் பட்டென்று கிழியும். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் காட்டக் கூடாது, சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீரும் படக் கூடாது, விரிசல் விட்டுவிடும்.

தாள் போன பிறகும் பசை அங்கேயே இருந்தது. விரல் வைத்தால் பிசுபிசுப்பு, சாயங்கால வெயிலில் பார்த்தால் கண்ணாடி முழுக்கத் திட்டுத் திட்டாகப் படலம். கண்ணாடி ஆறியதும் டிரையரை ஓரம் வைத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் அடித்து, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் கவரை ஒட்டி ஊறவிட்டேன். பழைய ஏடிஎம் கார்டால் தள்ளினால், ரப்பரால் அழித்த துகள் மாதிரி பசை உருண்டு உருண்டு வந்தது. அதற்கும் மசியாத இடத்தில் பக்கத்து வீட்டு மாமி சொன்னபடி தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துத் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு போக மறுபடியும் சோப்பு. பிளேடு போடுவதென்றால் புது பிளேடு, நனைந்த கண்ணாடி, ஒரே திசை. சூடாக்கி உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடியில் அதுவும் வேண்டாம், கீறல் விழ வாய்ப்பு அதிகம். தின்னர், அசிட்டோன் பட்டால் அலுமினிய ஃபிரேமின் பெயின்ட் போய்விடும். மண்ணெண்ணெயை டிரையர் இருக்கும் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எனக்குக் கோபம் எதில் என்றால், அந்தச் சுருளின் அட்டையில் எப்படி ஒட்டுவது என்று படம் படமாகப் போட்டிருந்தார்கள். வெயிலில் எத்தனை நாள் தாங்கும், எப்படி எடுப்பது என்று ஒரு வரி இல்லை. இந்த ஊரில் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறோம். வீட்டை ஒப்படைக்கும்போது கண்ணாடியில் பசை இருந்தால் டெபாசிட்டில் கை வைப்பார்கள். இடுப்பு ஒடியச் சுரண்டியது அதற்காகத்தான்.

ஆகவே, மேலே சொன்ன அத்தனை நல்லதும் உண்மைதான் என்றாலும், வாடகை வீட்டில் பசை ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். இப்போதிருக்கும் வீட்டில் பசையே இல்லாத ஸ்டாட்டிக் கிளிங் வகைதான் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து அழுத்தினால் பிடித்துக்கொள்கிறது. தூசி இருந்தால் ஓரம் கிளம்புகிறது, கழற்றிக் கழுவி மறுபடி ஒட்டிவிடுகிறேன்.

ஏற்கெனவே பசை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பவர்கள் வெயில் படும் ஜன்னலில் ஒரு மூலையைக் கிளப்பிப் பாருங்கள். இன்னும் வளைந்து கொடுத்தால் அடுத்த கோடைக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.